வலிக்கு நான் சொன்ன எண்

ஆர்.எஸ்.புரத்தில் நான் போகும் கிளினிக்கில், டாக்டரைப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு நர்ஸ் பெண் எடை பார்ப்பாள், பிரஷர் பார்ப்பாள், பிறகு வலிக்கு ஓர் எண் கேட்பாள். சைபரிலிருந்து பத்து வரை. சைபர் என்றால் வலியே இல்லை. பத்து என்றால் தாங்கவே முடியாது. ஏழு மாதம் தொடர்ந்து நான் சொன்ன எண் இரண்டு.

"ரெண்டுன்னு போட்டுக்க கண்ணு," என்பேன். அவளும் சிரித்துக்கொண்டே போட்டுக்கொள்வாள்.

உண்மையான எண்ணை இப்போது சொல்வதால் யாருக்கும் பிரயோஜனமில்லை. இருந்தாலும் சொல்கிறேன். முதல் இரண்டு மாதம் நான்கு. அடுத்த இரண்டு மாதம் ஆறு. கடைசியில் வலது விலாவுக்குக் கீழே ஒரு கனம் வந்து உட்கார்ந்துகொண்டு, குனிந்தால் மூச்சைப் பிடித்தபோது எட்டு. எட்டை வைத்துக்கொண்டுதான் இரண்டு என்றேன். சைபர் என்றால் பச்சைப் பொய். மூன்று என்றால் எங்கே, எப்போது, எப்படி என்று கேள்வி மேல் கேள்வி வரும். இரண்டுதான் யாரையும் தொந்தரவு செய்யாத எண்.

வெளியூர்க்காரர்களுக்கு இது கிறுக்குத்தனமாகத் தெரியலாம். எங்கள் பக்கத்தில் எப்படி இருக்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டால் அதற்கு ஒரே பதில்தான். நல்லா இருக்கேனுங்க. காலில் கட்டுப் போட்டுக்கொண்டு நின்றாலும் அதுதான் பதில். நம் தொல்லையைத் தூக்கி அடுத்தவர் தலையில் வைக்கக் கூடாது என்று யாரும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை. பேச்சு வந்தபோதே அதுவும் கூடவே வந்துவிட்டது. அதிலும் டாக்டர் சின்னப் பெண். எங்களுக்குப் பிள்ளை இல்லை, இருந்திருந்தால் அவர் வயதுதான் இருக்கும். அவர் கொடுத்த மருந்து கேட்கவில்லை என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்வது, விருந்துக்குப் போன வீட்டில் குழம்பில் உப்பில்லை என்று சொல்வது மாதிரி. எனக்கு வாய் வரவில்லை.

நான்கு வருடத்துக்கு முன் எனக்கு இடது மார்பை எடுத்தார்கள். எல்லாம் முடிந்தது என்று இருந்தோம். இரண்டு வருடம் கழித்து இடுப்பெலும்பில் வந்தது. எலும்பில் வந்தாலும் அது மார்புப் புற்றுதானாம், இடம் மாறினாலும் பேர் மாறாதாம். இனி இதைக் குணப்படுத்த முடியாது, பிடித்து வைக்கலாம் என்று சொல்லி, தினமும் ஒரு மாத்திரையும், மூன்று வாரம் சாப்பிட்டு ஒரு வாரம் விடுகிற ஒரு கேப்சூலும் கொடுத்தார் டாக்டர். முதல் ஸ்கேனில் எல்லாம் அடங்கியிருந்தது. கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பி, "பாருங்கம்மா, எவ்வளவு நல்லாக் கேட்டிருக்குதுன்னு," என்று காட்டினார். பரீட்சையில் பாஸான பிள்ளை மாதிரி அவர் முகம் இருந்தது. அந்த முகத்தைக் கெடுக்கக் கூடாது என்று நினைத்தேன் பாருங்கள், அங்கே பிடித்தது சனி.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய ஸ்கேனை, "நீங்கதான் சௌகரியமா இருக்கீங்களே, கொஞ்சம் தள்ளி எடுத்துக்கலாங்களா?" என்று அவர் கேட்டபோதும் சரிங்க என்றேன். எனக்கு அந்த மெஷினுக்குள் போய்ப் படுப்பது பிடிக்காது. தப்பித்தோம் என்று சந்தோஷமாகவே வீட்டுக்கு வந்தேன்.

ஒருநாள் மத்தியானம் வேலை செய்துகொண்டிருந்த இடத்திலிருந்து எழுந்திருக்க முடியவில்லை. சாப்பாட்டைப் பார்த்தாலே குமட்டியது. என் வீட்டுக்காரர் டாக்ஸி பிடித்து அழைத்துப் போனார். ஸ்கேன் எடுத்தார்கள். கல்லீரலில் இருந்தது. ஒன்றிரண்டு இல்லை, எண்ணிச் சொல்ல முடியாத அளவுக்கு.

டாக்டர் என் பழைய பதிவுகளைக் கம்ப்யூட்டரில் மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தார். இரண்டு, இரண்டு, இரண்டு. "ஏழு மாசமா ரெண்டுன்னுதானுங்கம்மா சொல்லியிருக்கீங்க," என்றார். கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"அப்பவே சொல்லியிருந்தா வித்தியாசம் இருந்திருக்குங்களா?" என்று கேட்டேன்.

"அதையெல்லாம் இப்ப நினைக்க வேண்டாங்கம்மா," என்றார். அவரும் எங்கள் பக்கத்துப் பெண்தான். அவர் சொன்ன இரண்டு அது.

மருந்தை மாற்றியாக வேண்டும் என்றார். பழைய மாத்திரைகள் இனி வீண். இரண்டு வழி இருந்தது. ஒன்று, வாரம் ஒருமுறை நரம்பில் ஏற்றுகிற டிரிப். கல்லீரலில் சீக்கிரம் வேலை செய்யும். முடி முழுக்கக் கொட்டிவிடும். விரல் நுனிகள் மரத்துப் போகும், அந்த மரமரப்பு சிலருக்குத் திரும்பிப் போவதே இல்லை. இன்னொன்று, காலையிலும் மாலையிலும் வீட்டிலேயே போட்டுக்கொள்ளும் மாத்திரை. முடி இருக்கும். ஆனால் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து, தோலுரிந்து, வெடிக்கும். கல்லீரல் இருக்கும் நிலைமைக்கு டிரிப்தான் நல்லது, ஆனாலும் உங்கள் விருப்பம் என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் பார்வை என் கைகளுக்குப் போய்விட்டு வந்தது. நான் என்ன வேலை செய்கிறேன் என்று அவருக்குத் தெரியும்.

பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் வீட்டு முன்பக்க ஷெட்டில், போர்வெல்லுக்குள் இறக்குகிற சப்மெர்சிபிள் மோட்டாருக்கு வைண்டிங் செய்கிறோம். கம்பெனிகள் மோட்டாரின் இரும்பு உடம்பை அனுப்பும், நாங்கள் கம்பி சுற்றிக் கொடுப்போம். உள்ளே வட்டமாகச் சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். பிளாஸ்டிக் தோல் போட்ட செம்புக் கம்பியை ஒவ்வோர் ஓட்டையிலும் கையாலேயே விட்டு இழுத்து, விட்டு இழுத்து நிரப்ப வேண்டும். தோலில் ஒரு கீறல் இருந்தால் போதும், தண்ணீருக்குள் போன மோட்டார் புகைந்துவிடும். அந்தக் கீறல் கண்ணுக்குத் தெரியாது. விரல் நுனிக்குத் தெரியும். வேலைக்கு வரும் இரண்டு பெண்களும் சுற்றியதை நான் ஒருமுறை தடவிப் பார்த்துத்தான் விடுவேன். இருபத்திரண்டு வருடமாக இதுதான் வேலை. எனக்குப் படிப்பு பத்தாவது வரைக்கும்தான், அழகு என்று சொல்லிக்கொள்ளவும் ஒன்றும் இல்லை. விரல் நுனி ஒன்றுதான் கர்வப்பட இருந்தது.

சுற்றி முடித்ததை டெஸ்ட் செய்வது என் வீட்டுக்காரர். தண்ணீரில் ஊறப் போட்டு மீட்டர் வைத்துப் பார்ப்பார். முள் ஒருமுறை சரியாக நிற்காவிட்டால் போதும், இன்னொரு தரம் வைத்துப் பாருங்கள் என்று யார் கெஞ்சினாலும் கேட்க மாட்டார். "முள்ளு சொல்லிப்போட்டுது, பிரிச்சுச் சுத்துங்க," என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். அதற்காக நானே அவரோடு எத்தனையோ நாள் சண்டை போட்டிருக்கிறேன். ஒரு நாள் வேலை வீணாகப் போகிறதே என்று எனக்கு எரிச்சல் வரும். அவருக்கு அதெல்லாம் காதில் ஏறாது.

ஸ்கேன் பார்த்துவிட்டு வந்த அன்று சாயங்காலம் அவர் கேட்டார், "டாக்டர்கிட்டத்தான் சொல்லல, எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமல்ல அம்மிணி?"

"நீங்க எங்கீங்க கேட்டீங்க?"

"தெனமும் கேட்டனே."

வாஸ்தவம்தான். தினமும் காப்பி டம்ளரை வாங்கும்போது, எப்படி இருக்குது என்று கேட்பார். பரவாயில்லீங்க என்பேன். அவரும் மேற்கொண்டு கேட்டதில்லை. கேட்டால் நான் சொல்லிவிடுவேன் என்று அவருக்கும் பயம் இருந்திருக்கும். இரண்டு பேரும் இப்படியே மரியாதையாக நடந்துகொண்டு ஏழு மாதத்தைத் தொலைத்தோம். எனக்கு அவர் மேல் ஆத்திரமாக வந்தது. பிறகு என் மேல் வந்தது. அது இன்னும் போகவில்லை.

யோசித்துச் சொல்ல டாக்டர் ஒரு வாரம் கொடுத்திருந்தார். நான் ஷெட்டில் என் ஸ்டூலில் உட்கார்ந்துதான் யோசித்தேன். வேலை செய்ய முடியவில்லை, பக்கத்தில் பெண்கள் கம்பி இழுப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டிரிப் போட்டால் விரல் செத்துவிடும். கம்பியைத் தொட்டால் கம்பி என்றே தெரியாது. மாத்திரை போட்டால் விரலில் உணர்வு இருக்கும், தோல் இருக்காது. வெடித்த கையில் கம்பியை இழுத்தால் கம்பியெல்லாம் ரத்தமாகும். எந்த மருந்து என்று கேட்கிறார்களே, எந்தக் கையை எப்படி வெட்டிக்கொள்கிறாய் என்று கேட்கிற மாதிரி இருந்தது எனக்கு.

அப்படி வெட்டிக்கொடுத்தால் என்ன கிடைக்கும்? அதை யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சேரில் உட்கார வைத்துவிடுவார்கள், மொட்டைத் தலையும் மரத்த கையுமாக அடுத்தவர் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும், கொஞ்ச நாளில் அதுவும் முடிந்துவிடும். நம்பிக்கையை விடாதீர்கள் என்று போனில் சொல்கிறவர்களை எல்லாம் நாலு வார்த்தை கேட்கலாம் போலிருந்தது. விடுவதற்கு என்னிடம் ஏதாவது இருந்தால்தானே? நான்காவது நாள் தீர்மானத்துக்கு வந்துவிட்டேன். டிரிப்பும் வேண்டாம், மாத்திரையும் வேண்டாம். வலிக்கு மட்டும் மருந்து கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டோடு இருந்துவிடுவது.

தீர்மானம் பண்ணுவது சுலபம், சொல்வதுதான் கஷ்டம். ஐம்பத்து நாலு வயது வரைக்கும் நான் யாரிடமும் வேண்டாம் என்று முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. பார்க்கலாங்க என்பேன், அப்புறம் சொல்றேனுங்க என்பேன். இரண்டு நாள் தனியாக உட்கார்ந்து சொல்லிப் பார்த்தேன். வேண்டாங்க. வேண்டாங்க டாக்டர். ஒவ்வொரு தடவையும் அந்தக் கடைசி 'ங்க'வில் குரல் குழைந்து, வேண்டும் என்று கேட்கிற மாதிரியே இருந்தது.

அந்த வாரத்தில் ஒருநாள் காலையில் என் வீட்டுக்காரர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, கம்பி வாங்கப் போறேன் என்று கிளம்பினார். சாயங்காலம் வெறுங்கையோடு வந்தார். நெற்றியில் விபூதி இருந்தது. பெண்டாட்டி இந்த நிலைமையில் கிடக்கிறாள், இவருக்கு ஊர் சுற்றல் கேட்கிறது என்று எனக்கு மூக்கு மேல் கோபம். சாப்பாட்டைத் தட்டில் போட்டு வைத்துவிட்டுப் பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டேன்.

கிளினிக் போக வேண்டிய நாளில் மேட்டுப்பாளையம் ரோட்டில் ஒரு பேக்கரியில் டாக்ஸியை நிறுத்தச் சொன்னேன். வீட்டில் சொல்ல வாய் வரவில்லை, கிளினிக்கில் திடீரென்று சொன்னால் அவர் தாங்க மாட்டார். டிரைவர் அந்தப் பக்கம் போனார். இரண்டு டீ வந்தது. நான் சொல்லிவிட்டேன்.

"எந்த மருந்தும் வேண்டாம்னு சொல்லப்போறேனுங்க. போதும்."

அவர் டம்ளரைக் கையில் எடுத்தார். டீயில் ஆடை கட்டுகிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு, "சாமி மாத்தச் சொல்லிப்போட்டுது," என்றார்.

எனக்குப் புரியவில்லை. கம்பி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, வெள்ளகோவில் பக்கம் இருக்கும் அவருடைய குலதெய்வக் கோவிலுக்குப் போயிருக்கிறார். பூக் கேட்டிருக்கிறார். ஒரு முடிவு எடுக்கத் தெரியாதபோது எங்கள் ஜனங்கள் செய்வதுதான். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, ஒரு பொட்டலத்தில் சிவப்புப் பூ, இரண்டையும் ஒரே மாதிரி மடித்துச் சாமி முன்னால் போட்டுவிட்டு, கும்பிட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் வேண்டாம். ஒருமுறைதான் கேட்க வேண்டும். வந்தது வந்ததுதான்.

"மருந்த மாத்தலாமான்னு கேட்டேன். வெள்ளப் பூக் குடுத்துது அம்மிணி," என்றார்.

அவர் என் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. முப்பது வருடம் கூட இருந்தவளுக்கு அது போதும். "எத்தன தடவ கேட்டீங்க?" என்றேன்.

டம்ளரைக் கீழே வைத்தார். "மூணு."

"மொத ரெண்டு?"

"செவப்பு."

ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. அவர் மெல்லச் சொன்னார், "பொட்டலத்தச் சரியாக் கலக்கலயாட்ட இருக்குது, மறுக்காப் போடுங்கன்னேன் பூசாரிகிட்ட. அவுரு அதெல்லாம் கூடாதுன்னாரு. கையப் புடிச்சுக் கேட்டேன்."

"மூணாவதும் செவப்பு வந்திருந்தா?"

"நாலாவது கேட்டிருப்பேன்."

எனக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. முள் ஒருமுறை தப்பாக நின்றால் எழுந்து போய்விடுகிற மனிதர். கம்பெனிக்காரர்கள் காலில் விழாத குறையாகக் கேட்டும் இரண்டாம் தரம் மீட்டர் வைக்காதவர். அவர் கோவிலில் ஒரு பூசாரியின் கையைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று நின்றிருக்கிறார். நான் செத்துப் போவதைப் பற்றி அந்த ஒரு வாரமும் யோசித்தேன். அதற்கு மறுநாள் காலையில் இந்த மனுஷன் ஷெட்டைத் திறந்துகொண்டு என்ன செய்வார் என்று ஒரு நிமிஷம் கூட யோசிக்கவில்லை. அவருக்குக் காப்பி கூடப் போடத் தெரியாது. நான் இல்லாத வீட்டில் யாரிடம் போய் எப்படி இருக்குது என்று கேட்பார்?

டாக்ஸியில் ஏறினோம்.

டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் நானே பேச்சை ஆரம்பித்தேன். "ஏனுங்க டாக்டர், மாத்துனா எத்தன நாளு, மாத்தாட்டி எத்தன நாளு? சுத்தி வளைக்காமச் சொல்லிப்போடுங்க," என்றேன். என் வாயிலிருந்து அப்படி ஒரு கேள்வி வந்து அவர் பார்த்ததில்லை. பேனாவை மூடி வைத்தார்.

"மருந்து கேட்டுச்சுன்னா ஒரு வருஷங்கம்மா, சில பேருக்கு அதுக்கு மேலயும். கேக்காமப் போகவும் வாய்ப்பிருக்கு. அப்பக் கொஞ்ச மாசந்தான். ஒண்ணுமே பண்ணாம விட்டாலும் கொஞ்ச மாசந்தானுங்க."

"கொணமாகுங்களா?"

"ஆகாதுங்கம்மா."

அவர் கண் கலங்கியிருந்தது. இத்தனை வருடத்தில் நானாகக் கேட்டு எனக்குக் கிடைத்த முதல் நேரான பதில் அது. தெரிந்ததுதான், ஆனாலும் காதால் கேட்டபோது உடம்பில் இருந்த கொஞ்ச நஞ்சச் சூடும் இறங்கிப் போனது. பக்கத்தில் என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்ன முடிவு பண்ணியிருக்கீங்க என்று டாக்டர் கேட்டார். இரண்டு நாள் சொல்லிப் பழகிய வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

"டிரிப்பே போட்டுக்கறேனுங்க," என்றேன்.

நம்பிக்கை வந்து சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். எனக்கு அந்த மருந்து மேலும் நம்பிக்கை இல்லை, மூன்றாவதாக வந்த பூ மேலும் இல்லை. ஏழு மாதம் முன்னால் உண்மையைச் சொல்லியிருந்தால் இன்னும் கொஞ்சம் கூடுதல் நாளை இவரிடம் கொடுத்திருக்கலாம். இப்போது கொடுக்க இருந்தது இவ்வளவுதான்.

நான்கு நாள் கழித்து முதல் டிரிப். ஜன்னல் ஓரம் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். இடப்பக்கம் ஆபரேஷன் ஆனதால் அந்தக் கையில் ஊசி போடக் கூடாது என்று, வலது கையில் நரம்பு தேடினாள் நர்ஸ் பெண். சாப்பாட்டுக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் அவளிடம், "இந்த மாதிரி எத்தன தடவைங்க அம்மிணி?" என்று கேட்டார்.

"வாராவாரங்க அப்பா. மொதல்ல பன்னெண்டு போடுவாங்க. அப்புறம் ஸ்கேன் பாத்துட்டுச் சொல்லுவாங்க."

அவர் விரல் விட்டு எண்ணினார். உதடு அசைந்தது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று முணுமுணுத்துக்கொண்டே போய், கடைசி விரலில் நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "தை பொறக்கற வரைக்கும் இருக்குது அம்மிணி," என்றார். ஸ்கேன் எடுத்த நாளிலிருந்து நான் பார்க்காத தெளிவு அவர் முகத்தில் இருந்தது. பன்னிரண்டு வாரத்தை யாரோ எழுதிக் கையில் கொடுத்துவிட்ட மாதிரி.

அது டிரிப்புக்கான கணக்குதான், உயிருக்கானது இல்லை என்று சொல்ல வாயெடுத்து நர்ஸ் பெண் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டி அவளை வேண்டாம் என்று தடுத்தேன். அவள் என் விரல்களை மடக்கிப் பிடிக்கச் சொன்னாள். நானும் மடக்கிக் கொடுத்தேன்.